மகளின் கையில் ஏறாத மிட்டன்

போன குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தேன். எனக்கு, கணவருக்கு, ஐந்து வயது மகளுக்கு, எங்களோடு இருக்கும் அப்பாவுக்கு என்று நான்கு பேருக்கும் ஆளுக்கொரு மஃப்ளரும் ஒரு ஜோடி மிட்டனும் நானே பின்னித் தருவது. மிட்டன் என்றால் கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்டு, மற்ற நான்கு விரல்களையும் ஒரே பைக்குள் வைத்துக்கொள்ளும் கையுறை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருப்பதால், ஐந்து விரல் கையுறையைவிட அதில்தான் கை அதிகம் சூடாக இருக்கும். அதுவரை நான் பின்னல் ஊசியைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் கேட்டுக்கொள்ளவும் தெரிந்தவர் யாரும் இல்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், குளிருக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது, போதாதா என்று நினைத்தேன். நான்கு பேருக்கும் சேர்த்து 50 கிராம் உருண்டை 22 இருந்தால் போதும். நான் வாங்கியது 35. அந்தப் பணத்துக்குக் கடையில் தயாராக விற்பதையே எல்லோருக்கும் வாங்கியிருக்கலாம், மீதியும் இருந்திருக்கும். பணத்தைவிட எனக்கு வலித்தது, ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து பின்னிய அத்தனை மணி நேரமும் ஒரே இழுப்பில் பிரிந்து போனதுதான். யாராவது முன்னாலேயே நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி தவிர்த்திருக்கலாம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் தப்பு நூல் வாங்கும்போதே நடந்துவிட்டது. கணவருக்குப் பிடித்த நிறம் கருநீலம் என்பதால் கருநீலத்தில், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி புசுபுசுவென்று இருந்த நூலாகப் பார்த்து நான்கு உருண்டை எடுத்தேன். அந்த நூலில் கண்ணியே கண்ணுக்குத் தெரியாது. ஊசியில் ஏறி நிற்கும் ஒவ்வொரு சுருக்கையும்தான் கண்ணி என்கிறேன். எது கண்ணி, எது நூலின் மயிர் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் தடவித் தடவிப் பின்னினேன். 40 கண்ணியில் ஆரம்பித்த மஃப்ளர், ஒரு முழம் வருவதற்குள் 47 கண்ணியாக அகன்றிருந்தது. எங்கிருந்து ஏழு கண்ணி கூடியது என்று எனக்குப் புரியவே இல்லை. பிறகுதான் தெரிந்தது. வரிசை ஆரம்பிக்கும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் இழுத்துவிட்டால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் மேலே ஏறி, இரண்டு கண்ணி மாதிரி தெரியும். நாமும் இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுவோம். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதானாம். சரி, பிரித்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று இழுத்தால், மயிர் மயிரோடு சிக்கி நூல் பிரிய மறுத்தது. இரண்டு நாள் போராடிவிட்டு நான்கு உருண்டையையும் குப்பையில் போட்டேன். அன்றைக்கு அழுதேன்.

ஆகவே முதல் முறை பின்னுகிறவர்களுக்கு நான் சொல்வது: வெளிர் நிறத்தில், வழுவழுப்பான, நடுத்தரத் தடிமனுள்ள நூலை எடுங்கள். பல நூல்களின் லேபிளில் தடிமனுக்கு 0 முதல் 7 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள். 0 சிலந்தி வலை போல மெல்லியது, 7 கயிறு போல. கற்றுக்கொள்ள 4 சரியானது. அதற்கு 5 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும். ஆரம்பத்தில் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கண்ணிகளை எண்ணுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு வரிசையைப் பிரிப்பது ஒரு நிமிட வேலை, 30 வரிசையைப் பிரிப்பது ஒரு ராத்திரி வேலை. இன்னொன்றும் பழகிக்கொண்டேன். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தையல் ஊசியில் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து, அந்த வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுவேன். மேலே தப்பு நடந்தால் அந்த நூல் வரைக்கும் தைரியமாகப் பிரிக்கலாம். அதற்குக் கீழே ஒரு கண்ணிகூட நழுவாது.

அடுத்ததாக வெளிர் சாம்பல் நிற நூலில் கணவரின் மஃப்ளரை மறுபடி ஆரம்பித்தேன். பின்னலில் அடிப்படைக் கண்ணி இரண்டுதான். நூலைப் பின்னால் வைத்துப் புதுச் சுருக்கை முன்பக்கம் இழுத்தால் நிட், நூலை முன்னால் வைத்துப் பின்பக்கம் தள்ளினால் பர்ல். ஒன்றின் பின்பக்கம்தான் மற்றது. ஒரு வரிசை நிட், துணியைத் திருப்பி அடுத்த வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் ஒரு பக்கம் வழுவழுவென்று, கடையில் வாங்கும் ஸ்வெட்டர் போல அழகாக வரும். அதில் மயங்கி 12 ராத்திரி பின்னினேன். 120 சென்டிமீட்டர் வந்தது. மடியில் இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஊசியை விட்டு எடுத்துப் பார்த்தால் இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு, மஃப்ளர் குழாய் மாதிரி ஆகியிருந்தது. ஈரமாக்கி ஊசி குத்தி நேராக்கினேன், மறுநாளே பழையபடி சுருண்டது. இது பின்னுகிறவரின் குறையே இல்லை. நிட் கண்ணியும் பர்ல் கண்ணியும் நூலை வேறு வேறு பக்கம் இழுக்கின்றன. ஒரு முகம் முழுக்க ஒரே வகை இருந்தால் துணி ஒரு பக்கமாகச் சுருளத்தான் செய்யும், தண்ணீரோ இஸ்திரிப் பெட்டியோ அதை மாற்றாது. எல்லா வரிசையும் நிட்டாகவே பின்னினால், ஒவ்வொரு வரிசைக்கும் துணியைத் திருப்புவதால் ஒவ்வொரு முகத்திலும் நிட்டும் பர்லும் மாறி மாறித் தெரியும். இரண்டு முகமும் ஒரே மாதிரி வரும், சுருளாது. மஃப்ளருக்கு அதுவே போதும், தடிமனாகவும் இருக்கும். ஒரே வரிசையில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னுவதை ரிப் என்பார்கள், அதைப் போட்டாலும் சுருளாது, கழுத்தோடு நன்றாக ஒட்டும். 120 சென்டிமீட்டரையும் பிரித்துவிட்டு எல்லாமே நிட்டாகத் திரும்பப் பின்னினேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து நூலைச் சுற்றித் தந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அந்த மஃப்ளர் முடிய ஒரு சாண் இருக்கும்போது நூல் தீர்ந்தது. நான் கிராம் கணக்கில் வாங்கியிருந்தேன், 200 கிராம் போதும் என்று எங்கோ படித்ததால். கிராம் நம்மை ஏமாற்றிவிடும். ஒரே 50 கிராமில் ஒரு நூல் 80 மீட்டர் இருக்கும், இன்னொன்று 110 மீட்டர் இருக்கும். லேபிளில் பார்க்க வேண்டியது மீட்டர். நடுத்தரத் தடிமனில் பெரியவர்களுக்கான மஃப்ளருக்கு, 17 சென்டிமீட்டர் அகலம், 160 சென்டிமீட்டர் நீளம் என்றால், சுமார் 400 மீட்டர் எடுத்து வையுங்கள். என்னிடம் இருந்தது 320. போய் அதே நூலில் இன்னொரு உருண்டை வாங்கி வந்தேன். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கடைசிச் சாண் மட்டும் தனியாக வேறு சாம்பலாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் நிறம் இம்மியளவு மாறும். அதற்காகத்தான் லேபிளில் லாட் நம்பர் அச்சடிக்கிறார்கள். எல்லா உருண்டையிலும் அந்த நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், ஒரு உருண்டை அதிகமாகவே எடுங்கள். வேறு லாட்தான் கிடைக்கிறது என்றால், பழைய நூல் தீருவதற்கு முன்பே இரண்டு வரிசை அது, இரண்டு வரிசை இது என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்கு உறுத்தாது.

அப்பாவின் மஃப்ளரைத் தப்பே இல்லாமல் பின்னி முடித்தேன். பழுப்பு நிறம், அசல் கம்பளி, பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அவர் ஐந்து நாள் விடாமல் போட்டுக்கொண்டார். ஆறாம் நாள் காலையில் சட்டை மாற்றும்போதுதான் பார்த்தேன், கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. "ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, பழகிடும்" என்றார். இந்தக் கதையில் என்னை அதிகம் உடைத்தது இதுதான். நூலை வாங்கும்போது உள்ளங்கையில் வைத்துப் பார்த்து மிருதுவாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். உள்ளங்கைத் தோல் தடிமன், அதற்கு ஒன்றும் தெரியாது. கழுத்தில் குத்துவது கம்பளி என்பதால் அல்ல, இழையின் தடிமனால். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் முனை வளையாமல் நேராகத் தோலைக் குத்தும். மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி பெரும்பாலும் 24 மைக்ரானுக்கும் கீழேதான் இருக்கும். முனை வளைந்துகொடுப்பதால் குத்தாது. எனவே கழுத்துக்கான நூலைக் கழுத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஒரே ஒரு உருண்டை வாங்கி வந்து, யார் போட்டுக்கொள்ளப் போகிறார்களோ அவர்களின் காலருக்குள் அரை மணி நேரம் செருகி வைத்துவிட்டு, பிறகு மற்ற உருண்டைகளை வாங்குங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் நமக்காகப் பொறுத்துக்கொள்வார்கள். நாம்தான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு மெரினோவில் வேறொன்று பின்னினேன். அதற்கு இன்னொரு மூன்று வாரம்.

இனி மிட்டன். மஃப்ளர் இரண்டு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மஃப்ளர்தான். மிட்டன் அப்படியில்லை. கணவருக்கு முதலில் பின்னினேன். கட்டைவிரலை விட்டுவிட்டு, உள்ளங்கை அகலமாக இருக்கும் இடத்தைச் சுற்றி அளந்தால் 22 சென்டிமீட்டர். நான் பார்த்த குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று இருந்தது, அதன்படி 44 கண்ணி ஏற்றினேன். இரண்டு மிட்டனும் முடித்து அவர் கையில் மாட்டினால் பாதியில் நின்றது. அளந்து பார்த்தேன். என் கை இறுக்கம். எனக்கு 10 சென்டிமீட்டரில் 23 கண்ணி வருகிறது. 44 கண்ணிக்கு 19 சென்டிமீட்டர்தான் வரும். மூன்று சென்டிமீட்டர் குறைவு. மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், நானும் கேட்டேன், ஆனால் ஒரு மணி நேரம் வீண் என்று தாண்டிப் போனேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒன்பது ராத்திரியாகத் திரும்பி வந்தது. 30 கண்ணி ஏற்றி ஒரு சதுரம் பின்னுங்கள். அதை நீங்கள் பின்னாளில் துவைக்கப் போகிற மாதிரியே துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டரை அளந்து எண்ணுங்கள். ஓரத்தை அளக்காதீர்கள், அங்கே கண்ணி கோணலாக இருக்கும். மிட்டனைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதால் சிலருக்குத் தட்டையாகப் பின்னும்போது இருக்கும் இறுக்கம் அங்கே இருக்காது. அதனால் மாதிரியையும் சுற்றாகவே பின்னுவது நல்லது. இறுக்கமாகப் பின்னுவது மிட்டனுக்கு நல்லதும்கூட. கண்ணிகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் காற்று நேராக உள்ளே வரும். லேபிளில் 5 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் மிட்டனுக்கு நான் 4 எடுப்பேன். கண்ணி எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டால் போயிற்று.

மகளின் மிட்டனில் அளவெல்லாம் சரியாக இருந்தது, 36 கண்ணி. ஆனாலும் அவள் கையில் ஏறவில்லை. உள்ளங்கைப் பகுதி தாராளமாக இருந்தது, மணிக்கட்டு விளிம்புதான் கயிறு கட்டியது போல் நின்றது. முதன்முதலில் கண்ணி ஏற்றும்போது பயத்தில் நூலை இழுத்து இழுத்து ஏற்றியிருக்கிறேன், அந்த விளிம்புக்கு நீட்சியே இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப் பார்த்தாள். பிறகு "எனக்குக் கை பெருசாயிடுச்சாம்மா?" என்று கேட்டாள். அவள் கை மீது தப்பில்லை என்று சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டு அன்றைக்கு ஊசியை மூடி வைத்துவிட்டேன். ஒரு வாரம் தொடவில்லை. இப்போதெல்லாம் ஒரு அளவு பெரிய ஊசியில் கண்ணி ஏற்றி, அடுத்த வரிசையிலிருந்து சரியான ஊசிக்கு மாறிக்கொள்கிறேன். விளிம்பு முடிந்து நான்கு சுற்று வந்ததும், பாதுகாப்புக்காகக் கண்ணிகளை ஒரு தனி நூலுக்கு மாற்றிவிட்டு, போட்டுக்கொள்ளப் போகிறவரின் கையில் அப்போதே மாட்டிப் பார்க்கிறேன். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குவித்த கையின் மீது அது சிரமமில்லாமல் ஏற வேண்டும்.

கட்டைவிரல் தனி வித்தை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு பக்கத்தில் மூன்று சுற்றுக்கு ஒருமுறை இரண்டு இரண்டு கண்ணியாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு முக்கோணம் விரியும். அது கட்டைவிரலின் அடிவரை வந்ததும் அந்தக் கண்ணிகளைத் தனி நூலில் நிறுத்தி வைத்துவிட்டு, மிச்சத்தை விரல் நுனி வரை பின்னி முடித்து, பிறகு திரும்பி வந்து கட்டைவிரலைப் பின்ன வேண்டும். அப்படித் திரும்பி வரும்போது இரண்டும் சேரும் இடத்தில் ஒரு ஓட்டை விழும். எனக்கு ஆறு மிட்டனில் விழுந்தது. அந்த இடைவெளியில் கூடுதலாக மூன்று கண்ணி எடுத்து, அடுத்த சுற்றிலேயே அவற்றைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னிக் குறைத்துவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். அப்புறம், ஒரு மிட்டனை முடித்துவிட்டு மூன்று வாரம் கழித்து அடுத்ததை ஆரம்பிக்காதீர்கள். அதற்குள் கை பழகி இறுக்கம் மாறிவிடுகிறது, ஜோடி ஜோடியாக இருப்பதில்லை. இரண்டுக்கும் மணிக்கட்டு, இரண்டுக்கும் உள்ளங்கை, இரண்டுக்கும் கட்டைவிரல் என்று சேர்ந்தே கொண்டுபோங்கள். எத்தனை சுற்று பின்னினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

குளிர் நெருங்க நெருங்க ராத்திரி நான்கு மணி நேரம் பின்ன ஆரம்பித்தேன். வலது கட்டைவிரலின் அடியில் ஒரு வலி வந்தது, கண்டுகொள்ளவில்லை. ஒரு காலையில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை. டாக்டர் மூன்று வாரம் ஊசியைத் தொடக் கூடாது என்றார். அந்த மூன்று வாரமும் குளிரின் முதல் மூன்று வாரம். மகள் பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஒரு நல்ல காரியத்துக்காகத்தானே உழைக்கிறோம் என்ற எண்ணம் வலியைத் தள்ளிப்போட வைக்கிறது. அது பெரிய ஆபத்து. இப்போது அரை மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து கையை உதறிவிட்டு வருகிறேன். நீளமான நேர் ஊசியை விட்டுவிட்டு, நடுவில் கம்பியுள்ள வட்ட ஊசிக்கு மாறினேன். மஃப்ளரின் கனம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கிறது.

மகளுக்குப் பெரியவர்களைப் போலவே நீளமாக ஒரு மஃப்ளர் பின்னியிருந்தேன், முனையில் குஞ்சம் வைத்து. விளையாடும்போது ஊஞ்சல் சங்கிலியில் அதன் முனை மாட்டிக்கொண்டது. நான் பக்கத்திலேயே நின்றதால் பிடித்துவிட்டேன். 1927-இல் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் பிரான்ஸின் நீஸ் நகரில், கழுத்திலிருந்த நீளமான ஸ்கார்ஃப் கார்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால்தான் இறந்தார். அன்று மாலையே குஞ்சத்தை வெட்டி எறிந்தேன். குழந்தைகளுக்குத் தொங்கும் முனையுள்ள மஃப்ளர் வேண்டவே வேண்டாம். தலை வழியாகப் போட்டுக்கொள்ளும் கழுத்து வளையம் பின்னுங்கள். சுற்றளவு தலைக்குப் போதுமானதாக, உயரம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும். நூலும் பாதிதான் ஆகும்.

கடைசியாக நடந்தது என் மஃப்ளருக்கு. எல்லாருடையதும் முடிந்த பிறகு எனக்காகப் பின்னிய வெள்ளை மெரினோ. அதைத் துவைக்கும் மெஷினில், மற்ற துணிகளோடு, வெதுவெதுப்பான தண்ணீரில் நானே போட்டேன். 160 சென்டிமீட்டரில் உள்ளே போனது, 105 சென்டிமீட்டரில் அட்டை மாதிரி வெளியே வந்தது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, சோப்பு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும். பிறகு திறக்காது. லேபிளில் சூப்பர்வாஷ் என்று போட்டிருந்தால், அந்தச் செதில்களை மழுங்கடித்துப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள், லேபிளில் சொன்னபடி மெஷினில் போடலாம். அது இல்லாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தேய்க்காமல், பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, படுக்கையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தன் ஈரத்தின் கனத்திலேயே நீண்டுபோகும்.

அந்த அட்டையை ஒரு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன், பார்க்கவே மனம் வரவில்லை. பிறகு ஐஸ்லாந்து மீனவர்கள் மிட்டனைப் பெரிதாகப் பின்னி, வேண்டுமென்றே இப்படிச் சுருக்கித்தான் கடலுக்கு எடுத்துப் போனார்கள் என்று படித்தேன். சுருங்கிய கம்பளிக்குள் காற்று நுழையாது. அவர்களுடைய மிட்டனில் இரண்டு கட்டைவிரல் இருக்குமாம், ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ள. சுருங்கிய கம்பளியைக் கத்தரியால் வெட்டினாலும் கண்ணி பிரியாது. கணவரின் கையைக் காகிதத்தில் வரைந்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, கையாலேயே தைத்தேன். காலையில் அவர் வண்டியின் கண்ணாடிப் பனியைச் சுரண்டும்போது போட்டுக்கொள்வது அதைத்தான்.

மகளின் மிட்டனைத் திரும்பவும் பின்னிக் கொடுத்தேன், இந்த முறை ஏறியது. இரண்டு வாரத்தில் இடது கை மிட்டனைத் தொலைத்துவிட்டு வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். நோட்டை எடுத்தேன். 36 கண்ணி, ரிப் 18 சுற்று, கட்டைவிரலுக்கு 12 கண்ணி, எல்லாம் இருந்தது. மீந்த நூலை லேபிளோடு வைத்திருந்தேன். இரண்டு ராத்திரியில் முடிந்தது. காலையில் இரண்டையும் மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எது புதுசு என்று அவளுக்குத் தெரியவில்லை.